தகட்டுக்குச் சந்தனம்

செப்டம்பர் 8, திங்கள்

சாலிகிராமத்தில் சுருதிமாலா ஒலிப்பதிவுக் கூடம். பெயர்ப்பலகையில் நடுவில் ஓர் எழுத்து விழுந்து எத்தனை காலமாயிற்றோ, காக்கை அந்த இடத்தில் குடும்பம் நடத்துகிறது. உரிமையாளர் ரேணுகா மேடம், ஐம்பதைத் தாண்டியவர். அப்பா கட்டிய கூடத்தைத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு டப்பிங் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். மாமியார்கள் அழுவதுதான் இந்தச் சுவர்கள் சமீபத்தில் கேட்ட சங்கீதம்.

என் வேலை, பின்னறையில் போர்வை போர்த்திக் கிடக்கும் பழைய கருவிகளை ஓட வைப்பது. பாடுகிறவர் திடீரென்று எகிறினால் அமுக்கிப் பிடிக்கிற வால்வு கம்ப்ரஸர் இரண்டு. ஈக்வலைசர் ஒன்று. அப்புறம் 'தகடு'.

தகடு என்றால் தகடேதான். கதவளவு இரும்புத் தகட்டை மரப்பெட்டிக்குள் ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாட்டை அதற்குள் அனுப்பினால் தகடு அதிரும். அந்த அதிர்வைத் திரும்ப எடுத்துப் பாட்டோடு கலந்தால் மண்டபத்தில் பாடிய மாதிரி எதிரொலி கிடைக்கும். இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத இந்தப் பெட்டி செய்வதை ஒரு கம்ப்யூட்டர் சும்மா செய்யும். மேடத்திடம் அப்படியே சொன்னேன்.

"சும்மா கெடைக்கிறத எவன்ப்பா தேடிக்கிட்டு இங்க வருவான்?" என்றார்.

தேடி வருகிறவர் இசையமைப்பாளர் நிருபன். இங்கே பதிவான ஒரு பழைய பாட்டின் எதிரொலியில் மயங்கிக் கிடக்கிறாராம். அக்டோபர் 6 அன்று நேரில் வந்து தகட்டைக் கேட்பார். பிடித்தால் ஒரு வருஷத்துக்குக் கூடம் மொத்தமும் அவருக்கு. பிடிக்காவிட்டால் டல்லஸில் இருக்கும் மேடத்தின் அண்ணன் ஸ்ரீதருக்கு. பாதி உரிமை அவருடையது. அவர் இதை இடித்து பிக்கிள்பால் மைதானம் ஆக்கப்போகிறார். டென்னிஸ் ஆடத் தெரியாதவர்களும் மூச்சு வாங்காமல் ஆடலாம் என்று கண்டுபிடித்த விளையாட்டு. சென்னையில் இப்போது காலி மனை இருந்தால் ஒன்று அது, இல்லாவிட்டால் பிரியாணிக் கடை. நிருபன் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடுவதாக மேடம் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கூடத்தின் ரெக்கார்டிஸ்ட் அந்தோணிராஜ். நாற்காலியோடு சேர்த்து வார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "மெசினுக்கும் மனசு உண்டு தம்பி" என்று தொடங்கினார். திறந்து பார்த்தேன். மனசு தென்படவில்லை. கெபாசிட்டர் வீங்கியிருந்தது.

பெங்களூரில் அக்டோபர் 3-ஆம் தேதி எனக்கு நேர்காணல். சிப் வடிவமைக்கிற கம்பெனி. அதற்குள் இதை முடித்துவிட்டு ஓடிவிடுவேன்.

செப்டம்பர் 9

கம்ப்ரஸருக்குள் கரப்பான்பூச்சி. உயிரோடு. வாடகை தராமல் குடியிருந்தது போதும் என்று வெளியேற்றினேன். ஒரு குமிழின் மேல் மார்க்கரில் 'தொடாதே' என்று எழுதி, அது நகராதபடி நகப்பூச்சு வேறு ஊற்றியிருக்கிறார்கள். சிவப்பு. சுரண்டினேன்.

செப்டம்பர் 11

தகட்டின் பெட்டியைத் திறந்தேன்.

மகா அசிங்கம். தகடு முழுக்கச் சந்தனம், குங்குமம், மஞ்சள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, தகட்டில் நேராகப் பூசியிருக்கிறார்கள். பழையதைத் துடைப்பது கிடையாது. மேலேயே அடுத்தது. பொட்டு வளர்ந்து பட்டையாகி, பட்டை வளர்ந்து அடை மாதிரி ஆகிவிட்டது.

"யார் சார் இதைச் செஞ்சது?" என்றேன்.

"நான்தான்" என்றார் அந்தோணிராஜ், பெருமையாக. கழுத்தில் வேளாங்கண்ணி மாதா ஆடுகிறார். "டூட்டி தம்பி இது. மாதா கோச்சிக்காது."

என் அப்பா திராவிடர் கழகத்துக்காரர். காட்பாடி வீட்டில் ஊதுவத்திகூடக் கொசுவுக்குத்தான். நுண்கருவி ஒன்றின் மேல் மண்ணப்பி வைக்கிறவர்களைப் பற்றி அவர் மேடையில் பேசினால் இரண்டு மணி நேரம் ஆகும். நான் பேசவில்லை. ஸ்பிரிட்டும் மரக் கரண்டியும் எடுத்தேன். மாலைக்குள் தகடு கண்ணாடி. என் முகம் தெரிந்தது. ஒரு முறம் சந்தனம் குப்பைக்குப் போனது.

செப்டம்பர் 12

சுத்தமான தகட்டை அளந்தேன். கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை ஒரு சீழ்க்கையை ஓடவிட்டு, திரும்பி வருவதைப் பதிவு செய்வது முறை. 'ஸ்வீப்' என்பார்கள். எதிரொலி நீளமாக, வெளிச்சமாக, கையேட்டில் போட்டிருக்கிறபடியே இருக்கிறது. உற்பத்தி செய்தவன் பார்த்தால் கைகொடுப்பான்.

மேடம் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார். முகம் மாறியது.

"என்ன குமணா இது, எவர்சில்வர் கடையில எதையோ கீழ தள்ளிவிட்ட மாதிரி இருக்கு?"

"தகடுன்னா இப்படித்தான் மேடம் இருக்கணும்."

"எங்க தகடு இப்படி இருக்காது."

அளவைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 15

நிபுணர் கருத்துகள் வந்து குவிகின்றன.

அந்தோணிராஜ்: கரண்ட் சரியில்லை. அந்தக் காலத்து கரண்டில் பாட்டு இனிக்குமாம்.

அந்தோணிராஜ் (மதியம்): நகப்பூச்சைச் சுரண்டியது குற்றம்.

அந்தோணிராஜ் (மாலை): பூசணிக்காய் உடைக்க வேண்டும்.

டீ கொண்டு வருகிற சரோஜா அக்கா: "அந்த ரூம்ல ஏசி போட்டதுலேர்ந்தே சரியில்லப்பா." ஏசி போட்டது போன வருஷம்.

மேடம் கருத்து எதுவும் சொல்லவில்லை. நிருபன் மயங்கிய அந்தப் பழைய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். டல்லஸிலிருந்து அண்ணன் பேசும்போது ஒலிபெருக்கியில்தான் போடுகிறார். "பழைய இரும்புதானே ரேணு. ஏன் இப்படிக் கட்டிட்டு அழறே?" மேடம், "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்ன, நான் கூலிக்கு வந்தவன்.

செப்டம்பர் 17

வால்வு மாற்றினேன். கேபிள் மாற்றினேன். அதிர்வை எடுக்கும் பிக்கப்பை மாற்றினேன். எவர்சில்வர் கடை அப்படியே இருக்கிறது. இப்போது கூடுதல் துல்லியத்தோடு.

செப்டம்பர் 19

ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மேடம் பாட்டை ஓடவிட்டிருந்தார். குனிந்து குனிந்து முதுகு வலித்தது. தகட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் அலறியது. "குமணா! இப்ப என்ன பண்ணே? அதுதான்! அதேதான்!"

பதறிக் கையை எடுத்தேன்.

"அய்யோ, போச்சு."

கையை வைத்தேன்.

"வந்துடுச்சு!"

எடுத்தேன். போனது. வைத்தேன். வந்தது. பாட்டு முடியும் வரை சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன். பொறியியல் படித்தவனுக்கு இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை. தகட்டின் மேல் ஏதோ ஒன்று உட்கார்ந்து அதன் அதிர்வை அடக்க வேண்டும். முன்பு அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத்தான் ஒரு முட்டாள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறான். அந்த முட்டாளின் முகம் தகட்டிலேயே பளிச்சென்று தெரிந்தது.

நேராகப் போய்ச் சொன்னேன். "மேடம், சந்தனம்தான் அந்தச் சத்தம். நான்தான் வழிச்சுப் போட்டேன்."

"வழிக்கிறதுக்கு முன்னாடி அளந்து வெச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

"அழுக்கை எவன் மேடம் அளப்பான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது.

"சரி. எடுத்தவனே வெய்யி" என்றார்.

செப்டம்பர் 22

இருப்பதிலேயே பெரிய சிக்கல், எவ்வளவு, எங்கே என்று தெரியாது. பழைய அளவு இல்லை. அளக்காத மகான் நான். இருக்கிற ஒரே அளவுகோல் மேடத்தின் காது. காதை நம்பி வேலை செய்யக் கூடாது என்று கல்லூரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு வந்த கதி.

கடைச் சந்தனப் பொடியைக் குழைத்து அப்பினேன். காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்து பிக்கப்பில் கொட்டியது. அந்தோணிராஜ் பின்னாலிருந்து, "அது பொடி தம்பி, சுண்ணாம்பு கலந்துக்கிறான். கட்டையை அரைக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை. சொன்னார். கட்டைக்கும் கல்லுக்கும் நான் எங்கே போவது என்று முறைத்தேன். சரோஜா அக்கா வீட்டிலிருந்து இரண்டும் வந்தன.

செப்டம்பர் 23

அரைத்தேன்.

செப்டம்பர் 24

அரைத்தேன். அப்பா போன் செய்தார். "என்னடா பண்ணிட்டிருக்கே?" "டாம்பிங் மெட்டீரியல் ரெடி பண்றேன்பா." அதிர்வை அடக்கும் பொருள்; உண்மைதான்.

செப்டம்பர் 26

பட்டையாகப் பூசினேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "போர்வைக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு." வழித்தேன். "இப்ப பரவால்ல. மேல கொஞ்சம் கூச்சல்." மேல் மூலையில் இரண்டு பொட்டு வைத்தேன். "அது இல்ல, அது தப்பு. எடுத்துடு." எடுத்தேன். "கீழ?" வைத்தேன். "இன்னும்." வைத்தேன்.

அவருக்கு ஒரு பொட்டின் வித்தியாசம் கேட்கிறது. கருவியில் எனக்கு அது தெரிவதே இல்லை. கருவியில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

பேச்சுவாக்கில் சொன்னார். கல்லூரி நாட்களில் தினமும் சாயங்காலம் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாராம். அண்ணன் கிரிக்கெட் ஆடப் போய்விடுவாராம். "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு எழுதி வெச்சுட்டுப் போய்ட்டாரு எங்கப்பா. கேட்டதுல பாதி யாருக்குன்னு எழுதல" என்றார். உடனே, "வலது பக்கம் இன்னும் ஒண்ணு வெய்யி" என்றார். வைத்தேன்.

செப்டம்பர் 29

காலை. ஒரு பொட்டை விரல் அகலம் நகர்த்தினேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ஜலதோஷமா மேடம்?"

"ஆமா. தொடாதே அதை."

உடனே ஸ்வீப் எடுத்து வைத்தேன். இந்தத் தடவை மறக்கவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வாசலில் வாழைக்கன்று, மைக்குக்கு மாலை, கம்ப்ரஸருக்கு விபூதிப் பட்டை. பொரி, சுண்டல். டப்பிங் பேசுகிறவர்கள், சரோஜா அக்கா, எதிர்வீட்டு அயர்ன்காரர் என்று ஒரு கூட்டம். எல்லோரும் ஆளுக்கொரு கிண்ணம் சந்தனத்தோடு தகட்டை நோக்கி வந்தார்கள்.

கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "யாரும் உள்ள வரக் கூடாது."

"ஏம்ப்பா, வருஷா வருஷம் வெப்பமே" என்றார் சரோஜா அக்கா. "நீ அரைச்சதே எங்க வூட்டுக் கட்டைதான்."

"கூடாதுன்னா கூடாதுக்கா. தொட்டா கெட்டுடும்."

அந்தோணிராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாபா இது, கருவறையா? நாங்க வந்தா தீட்டா?"

அப்பா நாற்பது வருஷமாக எதை எதிர்த்து ஊர்வலம் போகிறாரோ, அந்த வாசகத்தை நான் சட்டை போட்டுக்கொண்டு சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் வித்தியாசம். கடைசியில் மரப்பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் எல்லோரும் பொட்டு வைக்கலாம் என்று சமரசம் ஆனது. பெட்டி இப்போது அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 3

பெங்களூர் ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டதாம். நான் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் சந்தனம் ஊறும்.

அக்டோபர் 6

நிருபன் வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கூடவே உதவியாளன் கிரண், என் வயதுக்காரன். தகட்டின் வழியே அந்தப் பழைய பாட்டின் குரல்தடத்தை அனுப்பினோம். நிருபன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுல வார்ம்த் இருக்கு. இதுல மண் இருக்கு. இது மெஷினே இல்ல."

மண் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குக் கிராம் கணக்கில் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேடம் நாற்காலி விளிம்பில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிருபன், "அற்புதம்மா. சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்தார். ஒப்பந்தம் என்ற வார்த்தை வரவில்லை.

வாசலில் கிரண் என் தோளில் கைபோட்டான். "ப்ரோ, நீங்க டெக்னிக்கல் ஆளு. ஸ்வீப் எடுத்திருப்பீங்கல்ல? தகட்டோட ஸ்வீப்பை மெயில்ல தட்டிவிடுங்க. நான் பிளகின்ல ஏத்திக்கிறேன். எதுக்குச் சும்மா ஒரு வருஷம் இந்தப் பழைய பில்டிங்கை எடுத்துக்கிட்டு?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஒரு கோப்பு இருந்தால் போதும். தகடு அவன் லேப்டாப்புக்குள் போய்விடும். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் இதே எதிரொலி வரும். இங்கே யாரும் வரவேண்டியதில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்பேன். அதனால்தான் அவனைப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 7

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அனுப்பினால் கூடம் போய்விடும் என்பதையும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தார். "அனுப்பலைன்னா?"

"அவனே லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து எடுத்துக்குவான். பத்து நிமிஷ வேலை. அதையும் விடலைன்னா, நிருபன்கிட்ட இந்தப் பொம்பள முறுக்கிக்கிறான்னு சொல்லுவான்."

"அப்ப நான் என்ன சொல்றது? நீ எடுத்த அளவு. உன் பொருள்." எழுந்து போய் டப்பிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒரு மாமியார் அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அண்ணன் போன். மைதானத்துக்குப் பச்சை நிறமா நீலமா என்று கேட்டார். மேடம், "உங்க இஷ்டம்ண்ணா" என்றார்.

அக்டோபர் 8

என்னிடம் இரண்டு ஸ்வீப் இருக்கிறது. ஒன்று செப்டம்பர் 12, தகடு பளபளவென்று இருந்தபோது எடுத்தது. மற்றது செப்டம்பர் 29, சந்தனத்தோடு எடுத்தது. கிரண் கேட்டது 'தகட்டோட ஸ்வீப்'. எந்தத் தேதி என்று கேட்கவில்லை. இரண்டும் தகட்டினுடையதுதான். இரண்டும் துல்லியம். தொழில்முறையில் பார்த்தால் முதலில் எடுத்ததை முதலில் அனுப்புவதே ஒழுங்கு.

அனுப்பினேன். தேதியை எடுத்துவிட்டேன். கோப்பின் பெயர் தேவையில்லாமல் நீளமாக இருந்தது.

அக்டோபர் 10

கிரண் போன் செய்தான். "ப்ரோ, அங்க கேட்ட மாதிரி வரலையே? பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு."

"லெவல் செக் பண்ணீங்களா?"

"பண்ணேன் ப்ரோ."

"கேபிள்?"

"மாத்திட்டேன்."

"வேற கம்ப்யூட்டர்ல?"

"மூணு கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். சார்கிட்ட போட்டுக் காட்டினா செருப்பைக் கழட்டாத குறை."

பாவமாக இருந்தது. நான் வால்வு மாற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. கரண்ட் சரியில்லாமல் இருக்கலாம் என்றேன்.

பேசி முடித்துத் திரும்பினால் மேடம் நிற்கிறார்.

"குமணா, எந்தத் தகட்டை அனுப்பினே?"

"நம்மகிட்ட இருக்கிறது ஒரே தகடுதானே மேடம்."

என்னையே பார்த்தார். "ஆமா. ஒண்ணுதான்" என்றார்.

அக்டோபர் 14

நிருபன் நேரில் வந்தார். கிரண் பின்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஒப்பந்தத் தாளும் வந்திருந்தது.

"பையன் ஏதோ ஃபைல்ல அடைச்சுடலாம்னு பாத்தான்மா" என்றார் நிருபன். "நான் அப்பவே சொன்னேன், உயிரை ஃபைல்ல அடைக்க முடியாதுன்னு. கேக்கறானா?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. இவனுக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லுங்க. இந்தத் தகட்டுல இருக்கிறது கம்ப்யூட்டர்ல வருமா, வராதா?"

வரும். அட்சரம் பிசகாமல் வரும். என் பையிலேயே இருக்கிறது, செப்டம்பர் 29. ஐந்து நிமிஷத்தில் போட்டுக் காட்ட முடியும். பழைய அனலாக் கருவிகளில் ஆவி குடியிருக்கிறது என்று பேசுகிறவர்களோடு நான் எத்தனை ராத்திரி சண்டை போட்டிருக்கிறேன், எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன்.

மேடத்தின் கையில் பேனா, மூடி கழற்றியபடி.

"வராது சார்" என்றேன்.

"ஏன்னு சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் கணக்குதான் சார் போடும். இது..." அந்தோணிராஜ் பக்கம் பார்க்காமல் சொன்னேன். "இதுல ஆத்மா இருக்கு."

அந்தோணிராஜுக்குப் புரையேறியது. கிரண் தன் போனில் அதைக் குறித்துக்கொண்டான். நிருபன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மேடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆத்மா இருக்கிறது என்று சொன்னவர்: கோ. குமணன், பி.இ., எலக்ட்ரானிக்ஸ், முதல் வகுப்பு.